முதல் கடப்பாரை

உக்காருங்க தாயி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். கட்டில்ல உக்காருங்க. ஏளா பாக்கியம், காப்பி போடு. டவுன்ல இருந்து நம்ம கோவிலை அளக்க வந்திருக்காவளே, அவுகதான். கருப்பட்டி போட்டே குடு, குடிப்பாவ.

கேள்விப்பட்டேன் தாயி. கோர்ட்டு உத்தரவோட வந்து, தலையாரி சீலை உடைச்சு, காலையில உள்ள போனியளாம். ஊர்க்காரன் ஒருத்தனும் கிட்ட வரக் கூடாதுன்னு தெருமுனையில ரெண்டு போலீசு. நல்லதுதான். எங்க ஆளுகளுக்குக் கை சும்மா இருக்காது.

உள்ள எப்படி இருக்கு? றெக்கை வச்ச மிக்கேல் சம்மனசு நின்ன மாடத்துல நீலச் சாயம் இன்னும் இருக்கா? இருக்கா. சரி. நான் உள்ள போயி பத்தொம்பது வருசம் ஆச்சு. எனக்கு ஞானஸ்நானம் குடுத்தது அங்க, தாலி கட்டினது அங்க. இப்ப வெளிய இருந்து கூரையைத்தான் பாக்குதேன்.

எப்படி இவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்கன்னா கேக்குதிய? நூத்தி அறுபது வருசக் கட்டடம், ஒரு விரிசல் இல்ல, ஒரு ஆலங்கன்னு இல்ல, ஜில்லாவுலயே இப்படி ஒண்ணைப் பாக்கலங்குதிய. சந்தோசம். கேக்க ஒரு ஆளு வரணும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன். எழுதிக்கிடுங்க. சம்மனசுவிளையில இந்தக் கோவிலைக் காப்பாத்தணும்னு அன்னைக்கு ஒருத்தனும் நினைக்கல. நாங்க எல்லாரும் சேந்து அதை இடிக்கத்தான் போனோம்.

ஆமா தாயி. இடிக்கத்தான். பனங்கட்டை உளுத்துப் போச்சு, மழைக்கு ஒழுகுது, திருநாளுக்கு வந்தா பாதி சனம் வெயில்ல நிக்குது. ரெண்டு கோபுரம் வச்சு, காங்கிரீட்டுல, பெருசா கட்டிரலாம்னு பங்குச் சாமியாரு சொன்னாரு. ஊரே கை தூக்குச்சு. நானும் தூக்கினேன், மடுத்தீனும் தூக்கினான். அந்த ஒரு விசயத்துல எங்களுக்குள்ள பிணக்கே கிடையாது.

பிணக்கு எதுலன்னா, முதல் கடப்பாரையில.

எங்க ஊருல ஒரு வழக்கம் உண்டு. பழைய கட்டடத்தை இடிச்சா, அதைக் கட்டினவன் வம்சத்துல மூத்தவன் வந்து வடகிழக்கு மூலையில முதல் கடப்பாரை போடணும். குடிசையானாலும் சரி, ஆட்டுத் தொழுவமானாலும் சரி. அவன் ஒரு துண்டு பேத்து எடுத்த பிறகுதான் கூலியாளு கை வைக்கணும். கட்டினவன் கை படாம இடிச்சா மண்ணு ஆளைக் கேக்கும்பாவ. இது வேதத்துல எங்கயும் இல்லன்னு சாமியாரு சொல்லுவாரு. காப்பி போடுததும்தான் வேதத்துல இல்ல, காலையில எந்திரிச்சதும் கேக்காருல்லா.

அப்போ கோவிலை இடிக்க முதல் கடப்பாரை யாரு போடணும்? எவன் முப்பாட்டன் கட்டினானோ அவன். எவன் கட்டினான்? அங்கதான் இருக்கு விசயம். பேதி வந்து ஊரு பாதியா செத்த வருசம் எங்க முப்பாட்டன்தான் நேந்துக்கிட்டு முதல் கல்லு வச்சாரு. இது ஊரறிஞ்ச சேதி. மேட்டு வீட்டுக்காரனுக கேட்டா, அவனுக முப்பாட்டன் வச்சான்னு சொல்லுவானுக. கல்லுல ஒரு எழுத்து கிடையாது. வெள்ளைக்காரச் சாமியாரு எழுதி வச்ச ஏட்டைக் கரையான் தின்னுட்டு. ஆக, முதல் கடப்பாரை எவன் போடுதானோ அவன் வம்சம்தான் கோவில் கட்டின வம்சம். இனி உலகம் முடியுத வரைக்கும் அதுதான் பேச்சு. விட முடியுமா? நீங்களே சொல்லுங்க.

எங்களைப் பெரிய வீடும்பாவ. வீடு பெருசுன்னு நினைச்சிராதிய, இந்தா பாக்குதியளே, இவ்வளவுதான். பேருதான் பெருசு. மேட்டு வீட்டுல மூத்தவன் மடுத்தீன். அவன் எனக்கு அந்நியன் இல்ல. என் தங்கச்சி எலிசம்மா புருசன். மாப்பிள்ளை பாத்ததே நான்தான். பனையேறி, நெஞ்சு கருங்கல்லு மாதிரி இருக்கும். நல்ல ஆளு, அதையும் சொல்லணும். திருநாளுக்கு ஆடு அடிச்சா ஈரல் எனக்குன்னு தனியா எடுத்து வைப்பான். அவன் மகனை நான்தான் தோளுல தூக்கிச் சப்பரம் காட்டுவேன். என் காதைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு காலையும் ஆட்டுவான் பய. மாமா, சம்மனசு ஏன் பிசாசை மிதிக்காருன்னு கேப்பான். கெட்டவனை மிதிக்கத்தான்ல வேணும்னு சொல்லுவேன்.

இடிக்க நாள் குறிச்சாச்சு. காலைப் பூசை முடிஞ்சு நற்கருணையைப் பள்ளிக்கூடக் கொட்டகைக்குக் கொண்டு போயாச்சு. மிக்கேல் சம்மனசை எறக்கி வேப்ப மரத்தடியில வச்சாச்சு. ஊரே வந்து நிக்குது. சாமியாரு ஒரு புதுக் கடப்பாரைக்கு மஞ்சள் நூல் சுத்தி, தீர்த்தம் தெளிச்சு, ஒரு யோசனை சொன்னாரு. யாகப்பா, மடுத்தீனு, ரெண்டு பேரும் சேந்து பிடிங்க. ரெண்டு வம்சமும் கட்டினதுன்னு ஆயிரும். சண்டை இல்ல.

நான் ஒத்துக்கிட்டேன். எழுதிக்கிடுங்க, நான் ஒத்துக்கிட்டேன். மடுத்தீனும் ஒத்துக்கிட்டான். நான் கடப்பாரையைப் பிடிச்சேன். அவன் வந்து என் கைக்கு மேல பிடிச்சான்.

மேல, தாயி. கடப்பாரையில மேல் கைதான் குத்தும், கீழ் கை சும்மா தாங்கும். மண்ணு தோண்டின எவனைக் கேட்டாலும் சொல்லுவான். நான் கையை உருவி அவன் கைக்கு மேல வச்சேன். அவன் உருவி என் கைக்கு மேல வச்சான். நான் மறுபடி வச்சேன். அப்படியே ஏறி ஏறிக் கடப்பாரை நுனிக்கு வந்துட்டோம், இனி பிடிக்க இடம் இல்ல. பொம்பளைகள்ல யாரோ சிரிச்சா. சிரிச்சிருக்கக் கூடாது.

என் தம்பி சின்னப்பனுக்கு மூக்கு மேல கோபம். அவன் உள்ள வந்து, என்ன மச்சான், பெரிய வீட்டுக் கை மேல உம்ம கையான்னு கேட்டு, மடுத்தீன் கன்னத்துல ஒண்ணு வச்சான். ஊரு முன்னால, பொண்டாட்டி பிள்ளை முன்னால. மடுத்தீன் கடப்பாரையை என் கையில இருந்து பிடுங்கினான். தேங்காய் உரிக்குத மாதிரி, கீழ இருந்து மேல ஒரு குத்து. சின்னப்பன் வயித்துல.

அவன் விழல. நின்னான். குனிஞ்சு பாத்தான். அண்ணே, இந்தா பாருன்னான். ரெண்டு கையாலயும் குடலைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு வேப்ப மரத்தடியில போயி உக்காந்தான், சம்மனசு காலுக்குக் கீழ.

நான் கோபக்காரன் இல்ல தாயி. பக்கத்துல நின்னவன் இடுப்புல பாளை சீவுத அருவா இருந்துச்சு, எடுத்தேன். கழுத்துல வெட்டியிருக்கலாம். தங்கச்சி புருசனாச்சேன்னு மணிக்கட்டுல வெட்டினேன். முதல் வெட்டு எலும்புல நின்னுட்டு, ரெண்டாவதுல போச்சு. வலது கை. கடப்பாரையைப் பிடிச்சபடிக்கே கை கீழ கிடக்கு. மேல் கை வேணும்னு கேட்டான்லா.

இப்ப சொல்லப்போறதைக் கேளுங்க, இதுதான் என் நெஞ்சுல நிக்குத விசயம். எலிசம்மா நடுவுல ஓடி வந்தா. ஒரு பக்கம் கூடப் பிறந்த தம்பி, குடல் மண்ணுல. ஒரு பக்கம் புருசன், கை இல்லாம. யாருகிட்ட ஓடினா தெரியுமா? புருசன்கிட்ட. சேலையைக் கிழிச்சு மணிக்கட்டுல கட்டினா. கட்டி முடிச்சுத் திரும்பிப் பாக்கதுக்குள்ள சின்னப்பன் செத்துட்டான். ஒரு வாய் தண்ணி குடுக்கல தாயி, அவ தூக்கி வளத்த தம்பி அவன். அந்த வீட்டுப் படியை இனி மிதிக்க மாட்டேன்னு அன்னைக்கே சொல்லிட்டேன். கையை வெட்டினது நான்தான், இல்லங்கல. அது வேற விசயம்.

அப்புறம் ஊரு ஊரா இல்ல. கூரையில தீ வச்சானுக. மேட்டு வீட்டு வைக்கப்போரு எரிஞ்சுது. எங்க தொழுவத்துல ரெண்டு பசு, கட்டோட எரிஞ்சுது. அதுக கத்தினது இன்னும் காதுல இருக்கு, சின்னப்பன் கத்தவே இல்ல. சாயங்காலத்துக்குள்ள இன்னும் ரெண்டு பேரு போயிட்டாவ, அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. சாமியாரு குறுக்க விழுந்தாரு, நெத்தியில கல்லு பட்டுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதுதான், அவரு திரும்பி இந்தப் பக்கம் வரவே இல்ல. ஆனா ஒண்ணு சொல்லணும். அவ்வளவு நடந்தும் கோவில்ல ஒரு கீறல் இல்ல. ஒருத்தனும் கை வைக்கல. சுவர்ல ரத்தம் தெறிச்சிருந்துச்சு, மழையில போயிட்டு.

மறுநாள் அதிகாரி வந்து சீல் வச்சாரு. எனக்கு ஏழு வருசம், மடுத்தீனுக்குப் பத்து. முதல் கடப்பாரை யாருக்குன்னு வழக்கு, அது இன்னும் நடக்குது. எங்க வக்கீல் செத்து, அவரு மகன் நடத்துதாரு.

இனிதான் நீங்க கேட்டதுக்குப் பதில். எழுதுங்க.

சீல் வச்சாச்சு, சரி. கட்டடம் தானா விழுந்துட்டா? ரெண்டு வம்சத்துக்கும் இல்லாம போயிருமே. அதனால விழ விடக் கூடாது. இதுல பெரிய வீடு, மேட்டு வீடு எல்லாம் ஒத்துப் போனோம். இடிக்கத்தான் கூடாது, ஒட்டலாம்லா? அதிகாரிகிட்ட மனு குடுத்து, வருசா வருசம் ஆடி மாசம் வெளிப்பக்கம் பூசுவோம். சிமிண்டு வைக்க மாட்டோம். சிமிண்டு கொஞ்ச நாள்ல பேந்து வரும், பேக்கும்போது பழைய காரையையும் இழுத்துக்கிட்டு வந்துரும். பழைய முறைதான். சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டித் தண்ணி, முட்டை வெள்ளை. தெக்குப் பக்கம் எங்களுக்கு, வடக்குப் பக்கம் அவனுகளுக்கு. எங்க வீட்டுப் பொம்பளைக முட்டையை மேட்டு வீட்டுப் பானையில ஊத்த மாட்டாளுக. கூரையில நடுவுல ஒரு கயிறு கட்டி, அந்தப் பக்கம் அவனுக ஓடு மாத்துவானுக, இந்தப் பக்கம் நாங்க. அருவாளை இடுப்புல சொருகிக்கிட்டேதான் மாத்துவோம்.

ஆலங்கன்னு முளைச்சா பிடுங்கக் கூடாது. வேரோட ஒரு விரல் காரை வந்தாலும் முதல் கடப்பாரை போட்ட மாதிரி ஆயிரும்லா. அதனால தண்டை நறுக்கிட்டுப் பெருங்காயத்தைக் குழைச்சு வைப்போம். ரெண்டு பக்கத்துலயும் ரெண்டு ரெண்டு சாட்சி நிக்கணும். நின்ன நிலையிலேயே கருகிரும்.

ஒரு வருசம் மேட்டு வீட்டுப் பய ஒருத்தன், செபஸ்தின்னு பேரு, தேன்கூட்டைப் பாத்துக் கல்லு விட்டுட்டான். கல்லு சுவர்ல பட்டுட்டு. நாங்க நாலு பேரு அவனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டோம், ரெண்டு பேரு ஏணி வச்சு ஏறிக் காரை உதிர்ந்திருக்கான்னு பாத்தாவ. நல்ல நேரம், உதிரல. உதிரலன்னதால ஒரு காதை அறுத்ததோட விட்டோம். இப்பவும் தலையில துண்டு கட்டிக்கிட்டுத் திரிவான், கேட்டுப் பாருங்க.

அப்படிக் காப்பாத்தின கட்டடம் தாயி இது. பக்கத்து ஊருகள்ல எல்லாம் பழைய கோவிலை இடிச்சுட்டுப் பந்தல் மாதிரி என்னத்தையோ கட்டி வச்சிருக்கானுக. அங்க ஒற்றுமை இருந்துச்சு, இடிச்சுட்டானுக.

நான் கோபக்காரன்னா நினைக்குதிய? பாக்கியத்துக்கிட்டக் கேளுங்க. ஏளா, நான் கோபக்காரனா? பாத்தியளா, அடுப்பை ஊதுதா.

இப்ப நீங்க ஒரு சேதி சொன்னிய. சர்க்காரு இதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடம்னு அறிவிக்கப் போகுது, இனி ஒருத்தனும் ஒரு செங்கலைத் தொடக் கூடாதுன்னு. அதை இன்னொரு தடவை சொல்லுங்க. எப்பவுமேயா? நானும் கூடாது, அவனுகளும் கூடாது? பேரப்பிள்ளைக காலத்துலயும் கூடாது?

அப்போ முதல் கடப்பாரைன்னு ஒண்ணு கிடையாது. முடிஞ்சுது.

இருங்க தாயி, கண்ணுல தூசி. ஒண்ணும் இல்ல. மடுத்தீன் செத்து மூணு வருசம் ஆகுது. அடக்கத்துக்கு நான் போகல. மணி அடிக்குத சத்தத்தை இங்க இருந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். எனக்கு அறுபத்திரண்டு ஆச்சு. எலிசம்மா அந்தத் தெருவுல, இங்க இருந்து பத்து வீடு. பொட்டிக் கடையில பாத்தா முக்காட்டை இழுத்துக்கிடுவா. அவ வைக்குத கருவாட்டுக் குழம்பு நாக்குல நிக்குது தாயி. இவ காதுல விழுந்தாலும் பரவாயில்ல, சொல்லுதேன். இனி சண்டை எதுக்குன்னு ஆயிட்டுல்லா. நாளைக்கே போலாம். நான் படியேறினா அவ வெரட்டவா போறா?

எழுதி முடிச்சிட்டியளா. பைக்குள்ள அது என்ன பொட்டலம்?

காரையா. எந்தக் காரை?

சோதனைக்கா. ஆபீசுல வச்சு என்னென்ன கலந்திருக்குன்னு பாப்பாவளா. சரி. கீழ உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கினியளா? உதிர்ந்து ஒண்ணும் கிடக்கலையா. கிடக்காது, நாங்க அப்படித்தான் வச்சிருக்கோம். அப்போ?

உளி வச்சு.

நீங்களா வச்சிய? நீங்கன்னா ஒண்ணும் இல்ல தாயி. நீங்க வெளியூரு, பொம்பளைப் பிள்ளை, உங்களுக்கு என்ன தெரியும். நான் சொல்லி வச்சுக்கிடுதேன்.

கொத்தனாரு. டவுன்ல இருந்து உங்ககூட ஜீப்புல வந்தவன். பழைய காரை வேலை தெரிஞ்ச ஆளு. பேரு என்ன?

ரொசாரி.

ஏளா பாக்கியம், காப்பி என்னாச்சு.

இல்ல தாயி, ஒண்ணும் இல்ல. தெரிஞ்ச பையன்தான். மேட்டு வீடு. எலிசம்மா மகன், என் தோளுல உக்காந்து சப்பரம் பாத்தவன். டவுனுக்குப் போயி பத்து வருசம் ஆச்சு, வேலை கத்துக்கிட்டான்னு கேள்விப்பட்டேன். கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளைன்னாவ. சின்னப் பையனா இருக்கும்போது நடந்தது, அவனுக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகுது. சர்க்காரு வேலைன்னு கூப்பிட்டிருப்பிய, வந்திருப்பான். கொத்துன்னா கொத்தியிருப்பான்.

எந்த இடத்துல கொத்தினான்? பீடத்துக்குப் பின்னாலதான? கண்ணுக்குத் தெரியாத இடத்துலதான எடுக்கச் சொல்லியிருப்பிய?

சொன்னிய. அவன் கேக்கலையா.

வடகிழக்கு மூலை.

அவனா நடந்து போனானா. அங்கதான் காரை நல்லா இருக்கும்னு சொன்னானா. கொத்ததுக்கு முன்னால என்ன செஞ்சான்? முழங்கால் போட்டானா. அப்பா பேரைச் சொன்னானா? வாய் முணுமுணுத்துச்சு, என்ன சொன்னான்னு உங்களுக்குக் கேக்கல. சரி. சரி தாயி.

ஒரு காரியம் செய்யுங்க. மாதிரி எடுத்தவர் பேருன்னு ஒரு தாள் இருக்குமே, அதுல ரொசாரின்னா எழுதியிருக்கு? அதை அடிச்சுட்டு யாகப்பன்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுதேன். நல்லாவே போடுவேன், எட்டாவது படிச்சிருக்கேன். போலீசு தெருமுனையில நின்னுச்சு, தலையாரி வெளியூரு. ஊர்ல ஒருத்தனும் பாக்கல. உங்களுக்கும் எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். நான் கொத்தினேன்னு ஆயிட்டா எங்க ஆளுக அவனைத் தொட மாட்டானுக, எனக்கும் தொட வேண்டிய அவசியம் இல்ல. புரியுதா தாயி? அவனைக் காப்பாத்தத்தான் கேக்குதேன். என் காலைப் பிடிச்சுக் கேக்க வேண்டியவன் அவன், அவனுக்காக நான் உங்க காலைப் பிடிக்குதேன். எழுதுங்க.

போட்டோ எடுத்திருக்கியளா. உளி கையில இருக்குத மாதிரி.

காட்டுங்க.

நல்லா விழுந்திருக்கு. முகம் தெளிவா இருக்கு. மடுத்தீன் முகம் அப்படியே. ஆபீசுக்கு அனுப்பியாச்சா. ஊர்க்காரனுகளுக்குமா? அவன் போனுக்கும் அனுப்பச் சொல்லிக் கேட்டான், அனுப்பினிய. அப்போ இந்நேரம் மேட்டு வீட்டுல எல்லாக் கையிலயும் இருக்கும். அதுக்குத்தான் கேட்டிருக்கான். அந்தா, வடக்குத் தெருவுல வெடி போடுதானுகளே, என்னத்துக்குடா பகல்ல வெடின்னு பாத்தேன்.

உங்க மேல தப்பு இல்ல தாயி. அழாதிய. நல்ல வேலை செஞ்சிருக்கிய, கட்டடம் நிக்கும்.

ரொசாரி இப்ப எங்க? ஜீப்புல இல்லையா. அம்மாகிட்டப் போயி ஒரு வாய் சோறு தின்னுட்டு வாறேன்னு போயிருக்கான். சரிதான், அம்மா சமைச்சு வச்சிருப்பா.

காப்பியைக் குடிங்க, ஆறிரும். வெளிய வராதிய, பாக்கியம் கூடவே இருங்க. நாலு மணி பஸ்ஸுக்கு யாரையாவது அனுப்பி ஏத்தி விடுவா.

ஏளா, வாசலை மறிச்சுக்கிட்டு ஏன் நிக்குத. தள்ளு. தங்கச்சி வீட்டுக்குத்தான போறேன். அவன் தின்னு முடிச்சுக் கை கழுவுத வரைக்கும் வெளியதான் நிப்பேன், போதுமா.